ரசலையனுக்கு எப்போதும் மூன்று குறைந்தது

என் தம்பி ரசலையன் இந்த 1956 ஜூன் மாதம் கல்லூரியில் ரசாயன டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்தான். சோதனைச்சாலையில் மாணவர்களோடு நின்று செய்முறை காட்டிக்கொடுக்கும் உத்தியோகம் அது. எங்கள் சபை மலருக்கு அவனைப் பற்றி ஒரு பக்கம் வேண்டும் என்று கேட்டார்கள். அவனையே எழுதச் சொன்னேன். நான்கு வரி எழுதிக் கொடுத்தான். பிறந்த தேதி, படித்த வருஷம், வாங்கிய வகுப்பு, கடைசியில் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அதில் பிறந்த தேதியே தப்பு. ஆகவே நான் எழுதுகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆனால் தேதி, எண்ணிக்கை இரண்டும் எனக்குத் தப்பாது.

எங்கள் வீடு பத்மநாபபுரம் கோட்டைக்குத் தெற்கே, பனை விளைகள் என்னும் தோப்புகளுக்கு நடுவில். அப்பா பனையேறினார். பதநீரை எங்கள் பக்கத்தில் அக்கானி என்போம். அப்பா இறக்கிய அக்கானியை அம்மா சத்தியபாயும் நானும் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவோம். ரசலையன் எனக்கு ஏழு வயது இளையவன். பனையில் ஏறினால் தலை சுற்றும் என்று பத்து வயதிலேயே தெரிந்துவிட்டதால் படிக்கப் போனான். நன்றாகப் படித்தான் என்பதைப் பிறகுதான் கண்டுபிடித்தோம்.

1951 ஜூனில் நாகர்கோவிலில் இன்டர்மீடியட் சேர்ந்தான். அந்த இரண்டு வருஷமும் எங்கள் வீட்டில் ரசாயனம் நடமாடியது. அக்கானி காய்ச்சும் புரை என்ற கொட்டகையின் உட்சுவர் முழுவதும் அவன் கரித்துண்டால் தனிமங்களின் பெயர்களையும் எண்களையும் வரிசை வரிசையாக எழுதிவைத்தான். அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டே அதைப் பார்த்து ஒப்பிப்பான். கிறிஸ்துமஸ் வந்தது. அம்மா வழக்கம்போல வீட்டுக்கு வெள்ளையடித்தாள். புரையையும் விடவில்லை.

"எம்மா, எனக்க படிப்பு முழுக்க சுண்ணாம்புக்க அடியில போச்சே!" என்று அவன் தலையில் கை வைத்தான்.

"சுண்ணாம்பு பூசினா எதும் கெட்டுப்போவாது மக்களே. உள்ளதான் இருக்கும். படி" என்றாள் அம்மா.

அவன் நினைவிலிருந்து மறுபடி எழுதினான். இரண்டு தனிமம்தான் விட்டுப்போயிற்று. முதல் வருஷம் உப்புகளைச் சோதித்து இன்ன உப்பு என்று சொல்லும் பரீட்சையில் வகுப்பில் இரண்டாவதாக வந்தான். மணத்தாலேயே பாதி சொல்லிவிடுவான்.

தொல்லை இரண்டாம் வருஷம் தொடங்கியது. அளந்து பார்க்கும் சோதனை என்று ஒன்று வந்தது. அவன் எனக்கு விளக்கியதை அப்படியே எழுதுகிறேன். ஒரு குப்பி ஆசிட் கொடுப்பார்கள். அதில் இருபது சி.சி. உறிஞ்சியெடுத்துக் கண்ணாடிக் குடுவையில் விட வேண்டும். பினாப்தலீன் என்ற மருந்து ஒரு சொட்டு சேர்க்க வேண்டும். பிறகு மேலே நிற்கும் நீளக் குழாயிலிருந்து காரத்தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். ஆசிட்டின் புளிப்பு முழுவதும் முறிந்த நொடியில் குடுவைத் தண்ணீர் ரோஸ் நிறமாகும். அதுவரை எத்தனை சி.சி. இறங்கியதோ அதுதான் விடை.

வகுப்பில் எல்லோருக்கும் இருபது என்றால் ரசலையனுக்குப் பதினேழு. எல்லோருக்கும் இருபத்திரண்டு என்றால் இவனுக்குப் பத்தொன்பது. எந்த வியாழக்கிழமை செய்தாலும் மூன்று குறைந்தது.

அவனுடைய பக்கத்து மேசைக்காரன் மரியான், கடற்கரைப் பையன். "ஒனக்க தண்ணிக்கு மட்டும் என்னல இவ்வளவு வெக்கம்? கை வைக்கதுக்கு முந்தி செவக்குது" என்று கேட்பானாம்.

அப்போது டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தவர் பொன்னுலிங்கம் சார். ரசலையன் அவசரப்பட்டுக் குழாயைத் திறக்கிறான் என்று முதலில் நினைத்தார். பிறகு அவன் கண்ணில் குறை என்று நினைத்தார். பிறகு பக்கத்தில் நின்றே பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் செய்தான். மூன்று குறைந்தது. ரெக்கார்டு நோட்டில் ஒவ்வொரு முறையும் சிவப்பு மையால் சுழித்துக் கையெழுத்துப் போட்டார். "மத்தவனுக்குத் தப்பு வந்தா முன்னப்பின்ன வரும். ஒனக்குத் தப்புகூட சரியா வருதேடே" என்று ஒருநாள் சொன்னாராம். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று ரசலையன் என்னிடம் கேட்டான்.

விஷயம் மாமா காதுக்குப் போயிற்று. அம்மாவின் தம்பி குமாரதாஸ் மாமாவுக்குக் குழித்துறைச் சந்தையில் பாக்கு மண்டி. ஆள் இல்லாமல் திணறிக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து ரசலையனின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சாக்குத் தூக்கப் பத்தாது. ஆனா பாக்கு பிரிக்கலாம்" என்றார்.

அப்பா யோசித்தார். "இந்த மார்ச்சு பரீச்சையில ரசாயனத்துல தேறினா மேல படிக்கட்டு. தேறல்லேண்ணா மண்டிக்கு வருவான்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அப்பா வாக்குக் கொடுத்தால் அதோடு சரி. ரசலையனுக்குப் பழுத்த பாக்கின் வாசம் பட்டாலே தும்மல். அன்று மாமாவின் வேட்டி வாசத்துக்கே பதினோரு தும்மல் தும்மினான்.

அம்மா புதன்கிழமைப் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று, "எனக்க மகனுக்கு மூணு குறையுது, எல்லாரும் ஜெபிக்கணும்" என்றாள்.

"மூணு என்னது சத்தியபாய்?" என்று கேட்டார்கள்.

"அது தெரியாது. மூணு."

மூன்று வாரம் ஜெபித்தார்கள்.

என்னால் முடிந்ததை நானும் செய்தேன். கல்லூரியில் அப்போது கண்ணாடிச் சாமான்களுக்குத் தட்டுப்பாடு. ஆசிட் வாங்க மாணவர்கள் ஆளுக்கொரு சுத்தமான குப்பி கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு. ஒரு கம்பவுண்டரிடம் கேட்டு, தவிட்டு நிறத்தில் வாய் அகன்ற மருந்துக் குப்பி ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தேன். அதைக் கழுவும் பொறுப்பு என்னுடையது. வேறு யாரையும் தொட விடமாட்டேன். சாம்பலும் தேங்காய்நார்ச் சகிரியும் போட்டுத் தேய்ப்பேன். மூன்று தண்ணீர் விட்டு அலசுவேன். வேலிக்கம்பில் கவிழ்த்துக் காயவைப்பேன். கடைசியாக, நல்ல ஏனம் பாத்திரத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்து மூடி போட்டுக் கொடுப்பேன். மூன்று குறைகிறது என்று கேள்விப்பட்ட பிறகு இன்னும் கவனமாகச் செய்தேன்.

1953 ஜனவரியில் தேர்வுக்கு முந்தைய தேர்வு வந்தது. அதிலும் மூன்று குறைந்தது. "செய்முறையில் இப்படிப் போனால் பரீட்சையில் தேற வழியில்லை" என்று சார் வருத்தத்தோடு சொல்லி அனுப்பினார். ரசலையன் வீட்டுக்கு வந்து புரைச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாமா இரண்டு சாக்கு ஊசிகளைக் கொடுத்தனுப்பினார்.

பிப்ரவரி ஐந்தாம் தேதி, வியாழக்கிழமை. மரியானின் குப்பி வகுப்பில் கீழே விழுந்து உடைந்தது. ரசலையனுக்கு அன்று காய்ச்சலுக்குப் பிந்திய அசதி. சோதனையைச் சீக்கிரம் முடித்துவிட்டு, மிச்ச ஆசிட்டோடு குப்பியை மரியானிடம் கொடுத்தான். மரியானுக்கும் பதினேழு வந்தது.

மரியான் வகுப்பே கேட்கும்படி கத்தினான். "சார்! இவனுக்க தீனம் எனக்கும் பிடிச்சுப் போட்டு!"

பொன்னுலிங்கம் சார் வந்தார். மரியானைப் பார்த்தார், ரசலையனைப் பார்த்தார், கடைசியில் குப்பியைப் பார்த்தார். இவ்வளவு நாளில் யாரும் அதைப் பார்த்ததில்லை.

"நாளைக்கு இத வீட்டுலயிருந்து கழுவிக் கொண்டா. எதும் ஊத்தாம நேர எனக்கிட்ட கொண்டா" என்றார்.

மறுநாள் நான் கழுவிக் கொடுத்த குப்பியில் சார் சுத்தமான தண்ணீர் விட்டு ஒரு சொட்டு பினாப்தலீன் விட்டார். குடுவையில் ஊற்றிப் பார்த்தபோது தண்ணீர் செம்பருத்திப்பூபோல இருந்ததாம்.

"வீட்டுல என்ன தொழிலுடே?"

"அப்பா பனையேறுதாவ சார்."

"குப்பிய யாரு கழுவுதது?"

"அக்கா சார்."

சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம். பிறகு ஒரு சின்னக் குழாயில் பினாப்தலீன் கொடுத்து, வீட்டில் போய்ப் பார்த்து வா என்று அனுப்பினார்.

அன்று சாயங்காலம் நானும் அம்மாவும் அக்கானிக் கலயங்களை வரிசையில் வைத்துக்கொண்டிருந்தோம். ரசலையன் சட்டைகூடக் கழற்றாமல் வந்தான். முதல் கலயத்தில் தண்ணீர் விட்டு, குழாயிலிருந்து ஒரு சொட்டு விட்டான். சிவந்தது. அடுத்த கலயம், அதுவும் சிவந்தது. அம்மாவின் வெற்றிலைச் செல்லத்தில் விட்டான். அது எல்லாவற்றையும்விடச் சிவந்தது.

"ஏட்டி ஞானம், பையன் மந்திரம் படிச்சுட்டு வந்திருக்கான்! உபதேசியாரக் கூப்பிடு!" என்று என்னிடம் சொல்லிவிட்டு அம்மா எழுந்து ஓடினாள்.

அவன் என் கையைப் பிடித்து விரல்களில் சொட்டுச் சொட்டாக விட்டான். என் விரல்கள் ஐந்தும் ரோஸ் நிறமாயின. நான் போட்ட சத்தத்துக்கு அடுத்த விளையில் பனைமேல் இருந்தவர் என்ன என்று கேட்டார்.

"யக்கா, குப்பியக் கழுவினதுக்குப் பெறவு என்ன செய்வா?"

"சுண்ணாம்பு தேய்ப்பேன்."

"எதுக்கு?"

"என்னல கேள்வி இது? எந்த ஏனம்னாலும் உள்ள சுண்ணாம்பு தேய்க்காம ஒண்ணு ஊத்துவாளா? ஊத்தினது புளிச்சுப் போவாதா?"

"யக்கா, அதில ஊத்துதது ஆசிட்டு. அது புளிப்புதான். புளிப்பாத்தான் இருக்கணும்!"

வெளியாட்களுக்கு இது விளங்க ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அக்கானி இறக்கும் கலயத்தில் உள்ளே சுண்ணாம்பு தடவாவிட்டால் பொழுது ஏறுவதற்குள் புளித்துக் கள்ளாகிவிடும். சபைக்காரர் வீட்டில் கள் என்றால் அந்த வீட்டின் பேச்சே முடிந்தது. ஆகவே எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து, கழுவுவது என்றால் கடைசியில் சுண்ணாம்பு தடவுவதும் சேர்த்துத்தான். குப்பிக்குக் கலயத்தைப்போல இரண்டு விரல் சுண்ணாம்பு அதிகம் என்று எனக்கே தெரியும். சுண்டுவிரல் நகத்தளவு எடுத்து, உள்ளே ஒரு சுற்று. ஒருநாளும் கூடியதில்லை, குறைந்ததில்லை. அந்தச் சுண்ணாம்பு ஒவ்வொரு வியாழக்கிழமையும் என் தம்பியின் ஆசிட்டில் சரியாக மூன்று சி.சி. புளிப்பை முறித்திருக்கிறது. தவிட்டு நிறக் குப்பியானதால் உள்ளே பூசியது யார் கண்ணிலும் படவில்லை.

ஏழு மாதம். அவனை மண்டிக்கு அனுப்பப் பார்த்தது மாமா அல்ல, நான்தான். அன்று நான் சாப்பிடவில்லை. ரசலையன் வந்து, "சார் ஒன்ன ரொம்பப் புகழ்ந்தாரு பாத்துக்க" என்றான்.

"போல, சும்மா சொல்லாத."

"சத்தியமா. பத்தொம்பது தடவ ஒரே அளவு வச்சிருக்காளே, தராசு வச்சிருக்காளாண்ணு கேட்டாரு."

அதன் பிறகு கொஞ்சம் சாப்பிட்டேன்.

மிச்சமிருந்த பிப்ரவரி முழுவதும் குப்பியில் சுண்ணாம்பு தடவவில்லை. எல்லோருக்கும் இருபது என்றால் அவனுக்கும் இருபது வந்தது. அம்மா ஜெபக்கூட்டத்தில் எழுந்து மூன்றும் கிடைத்துவிட்டது என்று சாட்சி சொன்னாள்.

செய்முறைப் பரீட்சை மார்ச் பதினெட்டாம் தேதி காலை பத்து மணி. பனைக்குச் சீசன் உச்சம். நாற்பத்திரண்டு கலயம். குப்பியை முந்தின நாளே கழுவி, வெறும் தண்ணீரில் அலசி, கலயங்களோடு சேர்த்துக் கவிழ்த்திருந்தேன். விடியற்காலையில் உட்கார்ந்து கலயங்களுக்குச் சுண்ணாம்பு தடவினேன். ரசலையன் ஏழு மணிக்குக் குப்பியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனான். அம்மா அவன் தலையில் கை வைத்து ஜெபித்தாள்.

அவன் போன பிறகு அப்பா கலயங்களை எடுத்துக்கொண்டே, "எத்தனை?" என்றார்.

"நாப்பத்தி மூணு" என்றேன்.

"நாப்பத்தி ரெண்டுதான இருக்கு."

நான் தடவும்போதே எண்ணுகிறவள். என் எண்ணிக்கை தப்பாது. கையைப் பார்த்தேன். இரண்டு விரல் வெள்ளையாக இருந்தது, அது கலயத்துக்கு. சுண்டுவிரல் நுனியும் வெள்ளையாக இருந்தது. கலயத்தில் நான் சுண்டுவிரலை விடுவதே இல்லை. ஏழு மாதமாகக் கலயம் முடிந்ததும் குப்பி என்று பழகிய கை, நான் கேட்காமலே நீண்டிருக்கிறது.

கையைக்கூடக் கழுவவில்லை. அப்படியே ஓடினேன். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் ஏறி நாகர்கோவிலில் இறங்கியபோது பத்தரை. கல்லூரிக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. வாசலில் காவல்காரர் மறித்தார்.

"யாரப் பாக்கணும்?"

"தம்பிய. உள்ள பரீச்ச எழுதுதான்."

"பரீச்ச முடியட்டு."

"முடிஞ்சா எல்லாம் முடிஞ்சு போவும் அண்ணாச்சி. குப்பியில சுண்ணாம்பு இருக்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்த நெழல்ல இரி பிள்ளே. வெயிலு கூடுதலுதான்" என்றார்.

உள்ளே நடந்ததை ரசலையன் சொல்லித்தான் அறிந்தேன். அன்று குப்பிகளை வாசலிலேயே வாங்கி, உள்ளே கொண்டுபோய் ஆசிட் நிரப்பிக் கொடுத்தார்களாம். ஆளுக்கு ஒரு குப்பிதான், மறுபடி கேட்க முடியாது. இவன் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்திருக்கிறான். கண்ணாடியோரமாகப் பொடிப்பொடியாகக் குமிழி ஏறிக்கொண்டிருந்தது. காய்ந்த சுண்ணாம்பின் மேல் ஆசிட் பட்டால் அப்படித்தான் வருமாம்.

"அக்கா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டான். பரீட்சகர் திருவனந்தபுரத்துக்காரர். "எந்தாடோ?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல சார்" என்று சோதனையைத் தொடங்கினான்.

மூன்று முறை செய்தான். மூன்று முறையும் பதினெட்டு புள்ளி நான்கு. அதை விடைத்தாளில் எழுதினான். அதன் கீழே எழுதியதையும் எனக்குத் தமிழில் சொன்னான்: "என் குப்பியில் சுண்ணாம்பு இருந்தது. அதனால் மூன்று சி.சி. குறைந்திருக்கிறது. இதற்கு முன் பத்தொன்பது முறை இதே அளவு குறைந்ததற்கு என் ரெக்கார்டு நோட்டு ஆதாரம். சரியான விடை இருபத்தொன்று புள்ளி நான்கு."

பரீட்சகர் அதை இரண்டு முறை வாசித்துவிட்டுப் பொன்னுலிங்கம் சாரைக் கூப்பிட்டார். சார் ரெக்கார்டு நோட்டை எடுத்துவந்து சிவப்புச் சுழிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினார். "அதெல்லாம் சரி, இன்றைக்கும் அதே அளவுதான் என்று எப்படித் தெரியும்?" என்று பரீட்சகர் கேட்டார். அந்த நேரம் பார்த்து, வாசலில் ஒரு பெண் சுண்ணாம்பு சுண்ணாம்பு என்று அழுதுகொண்டிருக்கிறாள் என்று காவல்காரர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

பொன்னுலிங்கம் சார் வேகமாக வெளியே வந்தார். நான் எழுந்து நின்றேன்.

"ரசலையனுக்க அக்காவா நீங்க?"

"ஆமா சார். நான்தான் கெடுத்துப் போட்டேன். அவன் ஒண்ணும் செய்யல்ல சார்."

"அழாதிங்கம்மா. இன்னைக்கு எவ்வளவு வச்சிய?"

"என்னைக்கும் வைக்கிறதுதான்."

"உறுதியாச் சொல்ல முடியுமா?"

சுண்டுவிரலைக் காட்டினேன். நகத்தின் மேல்வரி வரைக்கும் சுண்ணாம்பு காய்ந்திருந்தது. அந்த வரியைத் தாண்டவில்லை. "இதுக்கு மேல எடுக்கமாட்டேன் சார். இதுக்குக் கீழயும் எடுக்கமாட்டேன்" என்றேன்.

சார் குனிந்து நன்றாகப் பார்த்தார். "கை கழுவாம வந்தது நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். காவல்காரர் எனக்கு ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டார்.

ஒரு மணிக்கு ரசலையன் வெளியே வந்தான். நான் வாயைத் திறப்பதற்குள், "பரீட்சகர் வச்சிருந்த விடை இருபத்தொண்ணு புள்ளி அஞ்சு" என்றான். புள்ளி ஒன்று வித்தியாசம் கணக்கில்லையாம். அது என் கையில் வந்த வித்தியாசமா, அவன் கையில் வந்ததா என்று கோட்டாறு வரை பேசிக்கொண்டே நடந்தோம். அவன் கையில்தான் என்று இன்றைக்கும் சொல்கிறேன்.

ஜூனில் பத்திரிகையில் அவன் எண் வந்தது. ரசாயனத்தில் முதல் வகுப்பு. மாமா வந்து ஒரு சீப்பு மட்டிப்பழம் கொடுத்தார், சாக்கு ஊசிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ரசலையன் ஆறு தும்மல் தும்மினான். திருவனந்தபுரத்தில் பி.எஸ்ஸி. படித்து முடித்து, ஒரு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து, இப்போது பொன்னுலிங்கம் சார் நின்ற அதே மேசையின் முன்னால் நிற்கிறான். திருவனந்தபுரம் விடுதிக்குப் போனபோது அந்தத் தவிட்டு நிறக் குப்பியையும் கூடவே கொண்டுபோனான். இன்றைக்கும் அதை நான் தொடக்கூடாது என்பது சட்டம்.

கல்லூரியில் குப்பி கொண்டுவரும் வழக்கம் இன்னும் போகவில்லை. இந்த வருஷம் முதல் செய்முறை வகுப்பில் எல்லாக் குப்பியிலும் தண்ணீர் விட்டு ஒரு சொட்டு பினாப்தலீன் விட்டுப் பார்த்தானாம். நாற்பதில் இரண்டு சிவந்தன. ஒன்று திங்கள்நகர்ப் பக்கத்துப் பையனுடையது.

"குப்பிய யாருடே கழுவுதது?" என்று கேட்டிருக்கிறான்.

"அம்மை சார்" என்று பையன் சொன்னானாம்.

"கழுவட்டு. நீ ஒண்ணும் சொல்லாண்டாம். எந்த விரலால தேய்க்காவண்ணு மட்டும் பாத்து நோட்டுல எழுதிட்டு வா" என்று சொல்லி அனுப்பினானாம்.